காலில் அறுவை சிகிச்சை முடிந்த ஏழாவது வாரம், அந்தமானில் ஸ்நார்கெலிங் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இடது கால் பெருவிரல் பக்கத்து எலும்புப் புடைப்புக்கு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. எலும்பை வெட்டி நேராக்கி இரண்டு திருகு போட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு அந்தமான் போகும்போது ஏழு வாரம் முடிந்திருக்கும். விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் அறுவைக்கு முன்பே போட்டாயிற்று. டாக்டரிடம் கேட்டதற்கு, "தண்ணியில இறங்கலாம்மா, பாத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அப்படியானால் ஸ்நார்கெலிங்கும் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதந்து கீழே பார்ப்பது) செய்யலாமா என்கிறீர்கள். நான் படித்த வரையில் உங்கள் பயம் இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது: ஒரு மணி நேர ஆசைக்காக, இவ்வளவு வலியும் செலவும் பட்டு நேராக்கிய விரல் மறுபடி கோணிக்கொண்டால் என்ன செய்வது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்பது. அறுவை மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். பாதத்திலும் கணுக்காலிலும் அறுவை முடிந்து வருகிறவர்களை மறுபடி நடக்க வைப்பது பல வருடமாக என் வேலை. உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்த்ததில்லை, காலைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. ஆகவே கீழே சொல்வதில் எது எல்லோருக்கும் பொருந்தும், எது என் நடைமுறைக் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன். கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

அந்த டாக்டர் சொன்னது தவறில்லை. ஆனால் உங்கள் ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தோல் மூடிவிட்டதா? எலும்பு சேர்ந்துவிட்டதா? ஆடுகிற படகிலும் வழுக்குகிற கல்லிலும் உங்களைத் தாங்கும் பலமும் சமநிலையும் அந்தக் காலுக்குத் திரும்பிவிட்டதா? "தண்ணியில இறங்கலாம்" என்பது முதல் கேள்விக்கு மட்டும் பதில். மற்ற இரண்டையும் அவர் கேட்கவும் இல்லை, நீங்கள் சொல்லவும் இல்லை.

தோல் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தையல் பிரித்த இடம் முழுக்க மூடி, பொருக்கு தானாக உதிர்ந்து, எங்கேயும் கசிவு இல்லாமல், அமுக்கினால் ஈரம் வராமல் இருக்க வேண்டும். தையல் பொதுவாக இரண்டு வாரத்தில் பிரிப்பார்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் விட்டுத்தான் குளத்திலோ கடலிலோ முக்கி வைக்க அனுமதிப்பார்கள். ஏழாவது வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு இது முடிந்திருக்கும். பெரும்பாலானவர்கள் என்றால் எல்லோரும் இல்லை. தழும்பின் ஒரு ஓரத்தில் மிளகு அளவு பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தப் பயணத்தில் கடல் கிடையாது. விரல் நுனியில் கம்பி நீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் (பக்கத்து விரலையும் சேர்த்து நேராக்கியவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் அப்படி விட்டு வைப்பதுண்டு) அந்தக் கம்பியை எடுத்துத் துளை மூடும் வரை கிடையாது. கம்பி உள்ளே எலும்பு வரை போகிறது. கிருமிக்கு அது நேர் பாதை.

"கடல் தண்ணி பட்டா புண்ணு சீக்கிரம் ஆறிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற வகை பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. ஆறாத காயம் வழியாக உள்ளே போனால், அரிதாகத்தான் என்றாலும், ஒரே நாளில் சதையை அழிக்கும் அளவுக்குத் தொற்று பரவும். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இறங்கலாமே என்றால், கரையோரம் தெறிக்கும் தண்ணீருக்கு அது போதும். அரை மணி நேரம் மிதப்பதற்குப் போதாது. மாவுக்கட்டுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறைகளை இதற்குப் பயன்படுத்தும் யோசனை இன்னும் மோசம். அவை குளியலறைக்காகச் செய்தவை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று காலை மேலே தூக்கும், தலை கீழே போகும். நீச்சல் தெரிந்தவரையும் திணற வைக்கும் நிலை அது.

அடுத்தது எலும்பு. வெட்டிய எலும்பு ஒட்டுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆறாவது வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, குதிகாலில் பாரம் தாங்கும் அந்தத் தனிச் செருப்பைக் கழற்றச் சொல்வது வழக்கம். ஆனால் ஒட்டுவது வேறு, பழைய பலத்துக்கு வருவது வேறு. பின்னது மாதக் கணக்கில் நடக்கும். வீக்கம் மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட வந்து வந்து போகும். ஏழாவது வாரத்தில் உங்கள் எலும்பை வைத்திருப்பது பாதி புது எலும்பு, பாதி அந்தத் திருகுகள்.

இந்த நிலையில் ஃபின் (நீந்தும்போது பாதத்தில் மாட்டும் நீளமான துடுப்பு) மாட்டலாமா என்பதுதான் ஸ்நார்கெலிங்கில் உண்மையான கேள்வி. நீளக் கரண்டியின் நுனியில் கனத்தை வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்; மணிக்கட்டு படும் பாட்டைத்தான் ஃபின் மாட்டிய பாதம் ஒவ்வொரு உதைக்கும் படுகிறது. தண்ணீர் தள்ளுவது விரலைத் தாண்டி நீளும் தகட்டின் மேல். அந்த விசை வந்து வளைக்கப் பார்ப்பது பாதத்தின் முன்பகுதி எலும்புகளை. உங்களுக்கு வெட்டி ஒட்டியதும் அந்த எலும்புகளில் ஒன்று. போதாததற்கு, ஃபினின் ரப்பர் வாய் இறுக்கிப் பிடிக்கும் இடம் பெருவிரலின் உட்பக்கம், அதாவது உங்கள் தழும்பின் மேலேயே. வாடகைக்குத் தரும் ஃபின் உங்கள் அளவுக்கு இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. சாயங்காலம் பாதம் வீங்கினால் காலையில் சரியாக இருந்ததும் இறுகிவிடும். எத்தனையாவது வாரம் ஃபின் மாட்டலாம் என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆறு வாரத்தில் சரி என்பவரும் உண்டு, மூன்று மாதம் பொறு என்பவரும் உண்டு. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் 12 வாரத்துக்கு முன் வேண்டாம் என்றே சொல்வேன். இது நிரூபணமான எல்லைக்கோடு இல்லை, என் எச்சரிக்கை. தவளை நீச்சல் உதையும் அதுவரை வேண்டாம். அது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி உதைப்பது.

நல்ல செய்தி என்னவென்றால், ஸ்நார்கெலிங்குக்கு ஃபின் கட்டாயமில்லை. ஹேவ்லாக் தீவின் எலிஃபெண்ட் பீச்சில் பார்த்திருப்பீர்கள், அல்லது போய்வந்தவர்களின் வீடியோவிலாவது பார்த்திருப்பீர்கள்: லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டு, ஒரு டியூபைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வழிகாட்டி முன்னால் இழுத்துக்கொண்டு போவார். நீங்கள் குப்புற மிதந்து மாஸ்க் வழியாகக் கீழே பார்த்தால் போதும். அந்த நேரத்தில் உங்கள் பாதத்தின் மேல் ஏறக்குறைய எந்தப் பாரமும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் பாதிதான் காலுக்கு வரும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. மிதக்கும்போது அதுவும் கிடையாது. மிதப்பது மட்டும்தான் ஸ்நார்கெலிங் என்றால், ஓட்டல் வரவேற்பறையில் நடப்பதைவிட அது உங்கள் எலும்புக்குப் பாதுகாப்பு.

ஆனால் மிதப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு இருபது அடி தூரம் இருக்கிறது. எனக்குக் கவலை அதில்தான். எலிஃபெண்ட் பீச்சுக்கு ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து படகில் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். (ஹேவ்லாக்குக்கு இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர், போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம், ஆனாலும் எல்லோரும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.) காட்டு வழி உங்களுக்கு இல்லவே இல்லை, வேர், சேறு, ஏற்ற இறக்கம். படகில் போனாலும், அது கரையில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் விளிம்பைத் தாண்டி முழங்கால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அலை ஒரு முறை தூக்கிப் போட்டால் நீங்கள் நினைத்த ஆழம் இருக்காது. எல்லோரும் குதிப்பார்கள். நீங்கள் குதிக்கவே கூடாது. விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டு, கீழே நிற்கும் ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்குங்கள். படியோ ஏணியோ இருந்தால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில்; இரண்டு காலும் ஒரே படிக்கு வந்த பிறகுதான் அடுத்த படி. படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர், கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்தமானின் இன்னொரு தீவான நீல் தீவில் வேறு தொந்தரவு. பரத்பூர் கடற்கரையில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது நிதானமாக இறங்கலாம். கடல் வற்றும் நேரத்தில் செத்த பவளத் துண்டுகளின் மேல் வெகுதூரம் நடந்தால்தான் நீந்தும் ஆழம் வரும். கரடுமுரடான தரையில் பெருவிரல் எந்தப் பக்கம் வளையும் என்று உங்களால் முடிவு செய்ய முடியாது. அங்கே இயற்கைப் பாலம் என்று கூட்டிப் போவார்களே, அந்தப் பாறை நடையை இந்த முறை விட்டுவிடுங்கள். வெறும் மணல்கூட லேசுப்பட்டதில்லை. சமதரையில் நடக்கும்போதே அடியெடுக்கும் கணத்தில் பெருவிரல் 60 டிகிரி அளவுக்கு மேல் நோக்கி மடங்க வேண்டும். காலடியில் நழுவும் மணலில் அது இன்னும் அழுத்தமாக உந்த வேண்டியிருக்கும். ஏழாவது வாரத்தில் உங்கள் விரல் அவ்வளவு மடங்காது. விரல் மடங்காதபோது பாதத்தின் வெளிவிளிம்பில் சாய்ந்து நடக்கத் தோன்றும், மறுநாள் கணுக்கால் வலிக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் மணல் இறுகிக் கிடக்கும் இடமாகப் பார்த்து நடங்கள். அடிப்பாகம் கெட்டியான, முன்பக்கம் அகலமான நீர்ச் செருப்பு ஒன்று ஊரிலேயே வாங்கி, பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள், வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

வெறுங்கால் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, பலர் யோசிக்காதது. இந்த அறுவைக்குப் பிறகு பெருவிரலின் ஒரு பக்கம் கொஞ்ச காலம் மரத்துப்போயிருப்பது சகஜம். பவளம் கீறினாலும் கடல் முள்ளெலி குத்தினாலும் கரைக்கு வந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சின்னக் கீறலும் நெடுநேரம் கசியும். அதோடு, ஆறு வாரம் சரியாக வேலை செய்யாத கெண்டைக்கால் இளைத்திருக்கும். அளவு நாடாவால் இரண்டு காலையும் அளந்து பாருங்கள், அதிர்ச்சியாக இருக்கும். இளைத்த தசை தண்ணீரில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கரையில் என்றால் உட்கார்ந்து நீவிவிடலாம். நடுத்தண்ணீரில் பிடித்தால் முதலில் வருவது பதற்றம். நீங்கள் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் இந்த முறை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். டிராமடால் மாதிரி மயக்கம் தரும் வலி மாத்திரை இன்னும் தேவைப்படுகிறது என்றால், கடலைப் பற்றிய பேச்சே வேண்டாம். படகுப் பயண வாந்திக்குப் போடும் மாத்திரையும் தூக்கம் வரவைக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கால் தயாரா என்று அந்தமானில் போய்ச் சோதிக்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். சாதாரணச் செருப்பில் இருபது நிமிடம் நொண்டாமல் நடக்க முடிகிறதா? மாடிப்படியில் கைப்பிடியை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டு இறங்க முடிகிறதா? அறுத்த காலில் மட்டும் நின்று முப்பது எண்ண முடிகிறதா? (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.) மூன்றும் முடிந்தால், ஒரு நீச்சல் குளத்தில் ஃபின் இல்லாமல் இருபது நிமிடம் மிதந்து, இடுப்பிலிருந்து மெதுவாக உதைத்துப் பாருங்கள். அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். எழுந்தவுடன் வீக்கமும் வலியும் முந்தைய நாள் அளவிலேயே இருந்தால் சரி. கூடியிருந்தால் கால் தன் பதிலைச் சொல்லிவிட்டது. இந்த அளவுகோல்கள் என் நடைமுறையில் உருவானவை, எந்த மருத்துவ அமைப்பும் முத்திரை குத்தியவை இல்லை. ஆனால் நாள்காட்டியை எண்ணி முடிவு செய்வதைவிட இவை நம்பகமானவை.

விமானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். காலில் அறுவை ஆனவர்களுக்கு முதல் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சற்றுக் கூடுதல். நாலு மணி நேரத்துக்கு மேல் போகும் விமானப் பயணம் அதை ஏற்றும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் என்பதால் பெரிய கவலை இல்லை; ஆனால் விமானம், காத்திருப்பு, ஹேவ்லாக் படகு எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கினால் நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். முதல் இரவு போர்ட் பிளேரில் தங்கிக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேளுங்கள், வரிசையில் நிற்பதுதான் பாதத்தை வீங்க வைக்கும். முன்பு ரத்தம் உறைந்த வரலாறு உண்டு, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் இதை டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே எழுதியது பெருவிரல் எலும்பு அறுவைக்கு. குதிகால் தசைநாண் அறுந்து தைத்தவர்களுக்குக் கணக்கே வேறு. ஃபினை மேல் நோக்கி இழுக்கும் ஒவ்வொரு உதையும் அந்தத் தையலைத்தான் இழுக்கும், படகிலிருந்து ஒரு குதி போதும் மறுபடி அறுவதற்கு. சர்க்கரை நோயால் பாதத்தில் அறுவை ஆனவர்கள், புண் மூடியிருந்தாலும், உணர்ச்சி குறைந்த காலோடு பவளக் கடலில் இறங்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆக, உங்களுக்கு. ஆறாவது வார எக்ஸ்ரேவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் மறுபடி போங்கள். "ஸ்நார்கெலிங் போகலாமா" என்று கேட்காதீர்கள். எலும்பு சேர்ந்துவிட்டதா, முழுப் பாரம் போடலாமா, ஃபின் இல்லாமல் மிதக்கலாமா, படகு விளிம்பிலிருந்து இறங்கலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதற்குள் நாலு கேள்விக்கு நாலு பதில் வாங்கிவிடலாம். நாலும் சாதகமாக வந்து, வீட்டுச் சோதனையிலும் தேறினால், எலிஃபெண்ட் பீச்சில் காலை நேரத்தில், கடல் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், டியூபைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் போய்வாருங்கள் என்பேன். ஒரு பதில் பாதகமாக வந்தாலும் கண்ணாடித் தரைப் படகு இருக்கிறது. போர்ட் பிளேர் பக்கத்து நார்த் பேயிலும் நீல் தீவின் பரத்பூரிலும் அதில் உட்கார்ந்தபடியே பவளம் பார்க்கலாம், ஸ்நார்கெலிங் அளவுக்கு வராது, உண்மைதான். படகில் தழும்பை வெயிலில் காட்டாதீர்கள். புதுத் தழும்பு கறுத்தால் மாறுவதற்கு மாதக்கணக்கு ஆகும்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சாயங்காலம் கொஞ்சம் வீங்குவது இயல்பு, தூக்கி வைத்தால் இறங்கிவிடும். இறங்காத வீக்கம், தழும்பைச் சுற்றி பரவும் சிவப்பு, காய்ச்சல், கறுத்த கொப்புளம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் இறுக்கமும் வலியும், இவற்றில் எது வந்தாலும் சுற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் போர்ட் பிளேரில் இருக்கிறது. சுற்றுலாப் படகுகள் பகலில்தான் ஓடும் என்பதால், ஹேவ்லாக்கில் மாலையில் சந்தேகம் வந்தால் மறுநாள் படகுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அந்தத் தீவின் அரசு சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.